கீழே பார்க்காத கேமரா

எனக்கு வாய் நீளம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாக்கு வராது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். தொழிலாளிகளுக்கு ஒரு குறை என்றால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும் என்று எனக்குப் பெருமை வேறு.

எங்கள் சாயப் பட்டறை வீரபாண்டியில் இருந்தது. விடியற்காலையில் சாயம் ஏறி இறங்கும் துணியில் ஒரு துண்டு வெட்டி மெயின் ஆபீசுக்கு அனுப்புவார்கள். கலர் சரி என்று இங்கே சொன்னால்தான் அங்கே அடுத்த வேலை நடக்கும். அந்தத் துண்டு பைக்கில் வந்து சேர்வதற்குள் டிராஃபிக்கில் உயிர் போய்விடும். அதற்காகத்தான் ட்ரோன் விட முடிவு செய்தார்கள். "இன்னைக்குத் துணி. நாளைக்கு ஆளையே ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள பறக்கும் மேடம்" என்றார் சென்னையிலிருந்து வந்த இன்ஜினீயர். தினமும் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வெந்துகொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அது பறக்கும் வழியில் ஒரு லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டுக் குடித்தனம், எல்லாம் எங்கள் கம்பெனி ஆட்கள். பின்பக்கம் பொதுவாக இரண்டு குளியலறை: சுற்றிச் சுவர், ஒரு தகரக் கதவு, மேலே வானம். கூரை போட வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. பின்னால் யாரும் புகார் சொல்லக்கூடாது என்று, எட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கி வர என்னை அனுப்பினார்கள்.

பெண்கள் எடுத்த எடுப்பிலேயே குளியலறையைத்தான் கேட்டார்கள். ட்ரோன் வருவது காலை ஏழு மணிக்கு. அவர்கள் வேலைக்குக் கிளம்பக் குளிப்பதும் அப்போதுதான்.

"ஏனுங்க மேடம், அதுல கேமரா இருக்குதுங்களா?" என்றாள் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற ஒருத்தி. என் வயதுக்காரி. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தவள் நான்.

"இருக்குதுங்க. ஆனா அது வழி பாக்கறதுக்கு. முன்னால பாக்கும், கீழ பாக்காது" என்றேன்.

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். இன்ஜினீயருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பாவி, கேட்கவில்லையே!

மற்றவர்கள் முகம் தெளியவில்லை. அவள்தான் பேனாவை வாங்கினாள். "மேடம் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். போடுங்க புள்ளைகளா" என்று முதல் கையெழுத்தைப் போட்டாள். பிறகு ஏழு பேரும் போட்டார்கள்.

ட்ரோன் பறக்க ஆரம்பித்து மூன்று வாரம் போயிருக்கும். ஆடிட் என்று ஒருநாள் காலையில் ஏழு மணிக்கு முன்பே ஆபீஸ் போயிருந்தேன். மாடி அறையிலிருந்து இன்ஜினீயர் கூப்பிட்டார். "வாங்க மேடம், வீரபாண்டியிலருந்து கிளம்பியாச்சு, பாருங்க."

திரையில் ஊர் மேலிருந்து தெரிந்தது. ஓட்டு வீடு, தண்ணீர்த் தொட்டி, தெருவில் போகிற ஆள், எல்லாம் துல்லியம். ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் ஒரு மஞ்சள் கட்டம் கூடவே நகர்ந்தது.

"இதுதான் மேடம் ஸ்மார்ட். கீழ யார் இருக்காங்கன்னு தானே கண்டுபிடிச்சு, அவங்க தலைக்கு மேல போகாம ஒதுங்கிக்கும்."

கீழேதான் பார்க்கிறது! லைன் வீடு வந்தது. சத்தம் கேட்டு மூன்று பெண்கள் துண்டோடு தாழ்வாரத்துக்குள் ஓடினார்கள். குளியலறைக்குள் ஒரு மஞ்சள் கட்டம். அதற்குள் உடம்பில் துணியில்லாமல் ஒரு பெண். அவள் அண்ணாந்து பார்த்தாள். முதல் கையெழுத்துப் போட்ட அவளேதான். பார்த்துவிட்டு, பதறாமல், அடுத்த சொம்பு தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டாள். மற்றவர்கள் ஓடி ஒளிந்தபோது அவள் ஒருத்தி மட்டும் என் பேச்சை நம்பி நின்றாள்.

"ஐயோ, நிறுத்துங்க அதை" என்று கத்திவிட்டேன். அந்த அறையில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நாங்க யாரும் அதையெல்லாம் கவனிக்கறதில்ல மேடம். ரெக்கார்டிங்கும் ஒரு மாசத்துல அழிஞ்சிடும்" என்றார் இன்ஜினீயர். சமாதானம் சொல்கிறாராம்!

முதலாளியிடம் ஓடினேன். "வழியை மாத்தோணும்னா மறுபடியும் மொதல்ல இருந்து பெர்மிஷன் வாங்கோணுங்க. நீங்க வெளிய வாயத் தொறக்காதீங்க" என்றார். இத்தனை பேசுகிற வாய் அப்போது மூடிக்கொண்டது. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

அன்று மத்தியானமே குடோனில் கிடந்த பழைய பேனர்களை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆட்களோடு லைன் வீட்டுக்குப் போனேன். குளியலறைகளுக்கு மேலே இழுத்துக் கட்டச் சொன்னேன். யாராவது கேட்டால் மழைக்காக என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டுக்கு வீடு வந்த அவள் பேனரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அது பாத்துதுங்களா?"

மழை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை நாளாங்க?"

"மொத நாள்ல இருந்துங்க."

துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. வீட்டு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லித்தானுங்க இவிங்க ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. இனி இவிங்க மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்?"

"நான் சொல்றனுங்க. எல்லாத்தையும் கூப்பிடுங்க, நானே சொல்லீர்றேன்" என்றேன்.

"வேண்டாங்க மேடம்" என்று எழுந்தாள். "நீங்க சொன்ன வரைக்கும் போதுங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.