வெட்டச் சொன்ன ஒன்பது நிமிடங்கள்

வோபர்னில் ஈழத்தமிழர் ஒருவரின் நகல் கடை. காலை பத்து இருபது. பாஸ்போர்ட்டை நகலெடுக்க வந்த எனக்கு முன்னால் ஓர் ஆங்கிலேய மூதாட்டி நிற்கிறார். மேசையில் இசைக்குறிப்புத் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சில பக்கங்களில் குறுக்கே சிவப்புக் கோடு.

“யாருங்க அவங்க?” என்று கடைக்காரரிடம் மெல்லக் கேட்கிறேன்.

“இங்கிலாந்தில பெரிய கொம்போசர், மியூசிக் எழுதுறவா, அண்ணை. சனிக்கிழமை இஞ்ச ஓர்கெஸ்ட்ரா ஒண்டு உவாவின்ர மியூசிக்கை வாசிக்குது. நடுவில ஒன்பது நிமிசத்தை வெட்டச் சொல்லிப்போட்டினம். சனம் கொட்டாவி விடுமாம்.”

“சம்மதிச்சுட்டாங்களா?”

“உவாவோ? நல்ல கதை!”

சிவப்புக் கோடு போட்ட பக்கங்களை வாத்தியக்காரர்கள் கிளிப் போட்டுத் தாண்டிவிடுவார்களாம். அதனால் கோடில்லாத பிரதியை நகலெடுத்து, அந்தப் பக்கங்களைத் தாண்ட முடியாதபடி ஒட்டி ஒரே நீளத் தாளாக்கச் சொல்லியிருக்கிறார் மூதாட்டி. வயலின்காரர்களுக்கானது முடிந்துவிட்டது. அடுத்த வாத்தியமான வியோலாவுக்கு ஒட்டும்போது நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறேன்.

மூதாட்டி ஆங்கிலத்தில் என்னிடம் சொல்கிறார்: “இருபத்திரண்டு வயதில் என் முதல் சிம்பொனியை இப்படித்தான் வெட்டினார்கள். நான் நன்றி சொன்னேன். அறுபது வருடமாக எல்லா ஊரிலும் அந்த வெட்டுப்பட்டதைத்தான் வாசிக்கிறார்கள்.”

அவருடைய கைபேசி அடிக்கிறது. பேசுவது ஓர்கெஸ்ட்ராவின் மேலாளர். மூதாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒன்பது நிமிடமும் இருக்கும். முடியாதென்றால் சனிக்கிழமை வேறு யாருடையதையாவது வாசியுங்கள்” என்கிறார். மறுமுனையில் இன்னும் பேச்சு கேட்கிறது. அவர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்காரர் பக்கம் அடுத்த கட்டுத் தாள்களை நகர்த்துகிறார்.

“இது செல்லோவுக்கு” என்கிறார்.