தீவில் ஒரு டெக்சாஸ் பையன்

மூன்று வாரமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் இருப்பேனா?

லீவுக்கு நானும் என் கணவர் செல்வினும் ஸ்காட்லாந்து பக்கம் ஒரு குட்டித் தீவுக்குப் போயிருந்தோம். மரமே இல்லாத தீவு. ஆட்களைவிட ஆடுகள் அதிகம். திரும்புகிற அன்று பேய்க்காற்று. ஃபெர்ரியை கேன்சல் செய்துவிட்டார்கள். வேறென்ன செய்ய... கடலோரத்தில் தெரிந்த பழைய சர்ச்சுக்கு நடந்தோம்.

சர்ச்சுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தின் கோடியில், ஒரே அளவில், ஒரே வரிசையில் வெள்ளைக் கற்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பக்கம் விழுந்து நொறுங்கிய விமானங்களில் இருந்தவர்கள். பெரும்பாலும் இருபதைத் தாண்டியும் தாண்டாத வயது. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனேன். ஒரு கல்லின் அடியில் 'எங்கள் பில்லி' என்று இருந்தது. அதன் கீழே ஓர் ஊர்ப் பெயர். அப்புறம்... டெக்சாஸ்.

அதே டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேர டிரைவில் இருக்கிற ஊர் அது!

"ஏங்க, இங்க வாங்க. நம்ம ஊர்ப் பையன் இருக்கான்" என்று கத்தினேன்.

"தமிழ்நாட்டு நாசரேத்துல பொறந்துட்டு, டெக்சாஸ் எப்ப உனக்கு நம்ம ஊராச்சு?" என்று சிரித்தபடியே வந்தார் செல்வின். கல்லில் வயதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். இருபத்தொன்று. எங்கள் மகனின் வயது.

எது நம் ஊர் என்று யோசித்தா சொல்கிறோம்? வெளியூரில் நிற்கும்போது வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

ஃபிரிஸ்கோ திரும்பியதும் அந்த ஊர் சர்ச்சுக்கு போன் போட்டேன். இப்படி ஒரு குடும்பம் இருந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பில்லியா? அவன் தங்கச்சி ரூத் இங்கதான் இருக்காங்களே. வாராவாரம் முன் வரிசையில உட்கார்றாங்க" என்றது எதிர்முனை.

சனிக்கிழமை கிளம்பிவிட்டோம். "தொண்ணூறு தாண்டினவங்க. நீ பாட்டுக்கு படபடன்னு பேசிடாத" என்று வழியெல்லாம் செல்வின் எச்சரித்துக்கொண்டே வந்தார். எனக்கும் உள்ளூர உதறல்தான். ஆறிய புண்ணைக் கிளறப் போகிறோமா?

ரூத்தும் அவர் மகள் லிண்டாவும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். ரூத்தின் டெக்சாஸ் இழுவையை என் தமிழில் தருகிறேன்.

"அமெரிக்கா சண்டைக்குப் போறதுக்கு முன்னாடியே, கனடா போய் பைலட்டா சேர்ந்துட்டான். எனக்கு அப்ப ஒன்பது வயசு. கல்லறைன்னு ஒரு போட்டோ வந்துது. அம்மா அதை எங்க யாருக்கும் காட்டாம, தன்னோடயே புதைக்கச் சொல்லிட்டாங்க."

தீவில் நான் எடுத்திருந்த கல்லறைப் படத்தை ஐபேடில் பெரிதாக்கிக் கொடுத்தேன். ரூத் விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அழுதால் என்ன செய்வது?

அவர் அழவில்லை.

"கடல்ல விழுந்தான்னு சொன்னாங்க. அவனுக்கு நீச்சல் தெரியாது. இத்தனை வருஷமும் அவனை நினைச்சா தண்ணிக்குள்ளதான் தெரிவான். இது நல்ல மேடான இடம். புல்லைக்கூட யாரோ வெட்டியிருக்காங்க. யாரு வெட்டுறா?"

"தீவுல ஒரு அம்மா. நாங்க போனப்ப மெஷினோட நின்னாங்க."

"அவங்க பேரு?"

நான் கேட்டு வைக்கவில்லை.

"பரவாயில்ல, நானே நேர்ல கேட்டுக்கறேன். தேங்க்ஸ் சொல்லணும்ல?" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "லிண்டா, எனக்கு பாஸ்போர்ட் எடுக்கணும்."

"அம்மா, நீ டெக்சாஸையே தாண்டினதில்ல."

"அதனாலதான் பாஸ்போர்ட் கேக்கறேன்."

நேற்று லிண்டா ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். புத்தம்புதுப் பாஸ்போர்ட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரூத். வருகிற மே மாதம் அம்மாவும் மகளும் கிளம்புகிறார்கள்... வழிகாட்ட நாங்களும்.

அந்த பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குச் செல்லும். அதுவரை வேறெங்கெல்லாம் போகலாம் என்று ரூத் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.