கறுப்புக் கட்டைக்குப் போன ரி

இந்த ஊரில் ஆர்கன் வாசிக்கிறவன் முதலில் கரி அள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை ஒரு தட்டு நிறைய அடுப்புக்கரியை ஆர்கனுக்கு அடியில் வைத்துவிட்டு வருவேன். காற்றில் இருக்கிற ஈரத்தைக் கரி குடித்துவிடும். ஞாயிறு காலை சபை கூடுமுன் போய்த் தட்டை எடுத்துவிட்டு, கட்டைகளைத் துணியால் துடைப்பேன். அப்படியும் மழை மாதங்களில் கட்டை உப்பிக்கொண்டு, விரலை எடுத்த பிறகும் எழும்பாமல் ஊளையிடும். திருநெல்வேலிச் சீமையின் காய்ந்த காற்றில் வளர்ந்தவனுக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை.

கடல் தாண்டி வந்து, இங்கே பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்ச் சபையில் பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். மற்ற நாளெல்லாம் ரயில்வே பட்டறையில் பெட்டிகளின் பக்கவாட்டில் எண்ணும் எழுத்தும் எழுதுவது என் வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. பேசாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே ஊரில் இருப்பவர்களும் படியுங்கள். இந்தக் கோபத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

பெரிய வெள்ளிக்கு எங்கள் சபையில் ஒரு கீர்த்தனை பாடுவோம். ராகம் தோடி. அதன் கடைசி வரியில் ரி தயங்கித் தயங்கி இறங்கி ச-வில் விழும். அந்த ரி ச-வை ஒட்டியே இருப்பது, அழுகையை அடக்குகிறவனின் குரல் மாதிரி. என் மூத்த மகனை இந்த மண்ணில் வைத்த அன்றும் அதைத்தான் பாடினார்கள். சிறு வயதில் அதை எங்களூர் உபதேசியாரிடம் கற்றேன். ஒரு நாள் ஆர்மோனியத்தில் ச-வோடு க-வையும் ப-வையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். அடிக்குச்சியால் விரல் கணுவில் போட்டார். "ஒரு கட்டை அழுத்துனா பாட்டுடா. மூணு கட்டை அழுத்துனா சந்தைக் கூச்சல்" என்றார். சபையே சிரித்தது. அதற்குப் பிறகு கப்பல் ஏறும்வரை நான் ஆர்மோனியப் பெட்டியைத் தொடவில்லை.

இங்கே சபைக்கு ஆர்கன் வந்தபோது, வெள்ளைக்காரப் பாட்டுகளுக்காக கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்துவது, அவ்வளவுதான். தோடிக்கு அது ஆகாது என்றே நானும் நம்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் சபைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கட்டையை ச-வாக வைத்தால் தோடிக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம், ஏழு சுரமும் வெள்ளை. ச, க, ப பிடித்தேன். ச-வையும் க-வையும் விடாமல், ப-வில் இருந்த விரலை மட்டும் த-வுக்கு நகர்த்தினேன். வேறு கார்டு வந்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், ஒருவர் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போனார். பிறகு அந்த த-வைப் பிடித்துக்கொண்டே ரி, ம, த-வுக்குப் போனேன். கடைசி வரி வந்தது. ம-வையும் த-வையும் அழுத்தியபடியே வைத்துக்கொண்டு ரி-யை மட்டும் ச-வுக்கு இறக்கினேன். இரண்டு கார்டுக்கும் பொதுவான சுரங்கள் தரையாக நின்றன, பாட்டு அதன்மேல் தன் போக்கில் நடந்து போனது. தோடி தோடியாகவே இருந்தது. உபதேசியார் அடித்தது தப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சொல்ல அவர் பக்கத்தில் இல்லை.

போன வருஷம் ரயில்வே எஞ்சினியர் ஒருவரின் மனைவி வந்தார். வெள்ளைக்கார அம்மாள், சங்கீதம் படித்தவர். பெரிய வெள்ளிக்கு கிள்ளான் சபையும் எங்கள் சபையும் ஆங்கிலச் சபையும் சேர்ந்து ஆராதிக்க வேண்டும், தமிழ்க் கீர்த்தனையைப் பெண் பிள்ளைகள் பாட வேண்டும் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கட்டை ஒட்டிக்கொள்கிறதா? இரண்டு சுரங்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கின்றனவே" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான்தான் பிடித்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வெளியே வந்தது "யெஸ், மேடம்."

அடுத்த வாரம் ஒரு சீனத் தச்சரை அழைத்து வந்து, ஆர்கனைக் காட்டி மலாய் மொழியில் "ரோசாக்" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டுவிட்டதாம். தச்சர் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக எழும்பின.

"தாடா ரோசாக் லா" என்றார், ஒன்றும் கெடவில்லையே என்று.

"தாவு" என்றேன். எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆனாலும் அம்மாள் சொல்லியாகிவிட்டதே. நல்ல கட்டைகளை அரத்தால் ராவிவிட்டுப் போனார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த அம்மாள் எங்கள் பாட்டைத் தாளில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கடைசி வரியில் ரி வெள்ளையில் இல்லை. அடுத்த கறுப்புக் கட்டைக்கு ஏற்றியிருந்தார். அந்த இடத்துக்கு அவர் போட்ட கார்டு அதைத்தான் கேட்கிறதாம். காதும் அப்படித்தான் எதிர்பார்க்குமாம். யாருடைய காது?

என் மனைவியின் அண்ணன் சாமுவேல் சபையில் மூப்பர். அவரிடம்தான் போனேன்.

"அந்தம்மா சீமையில படிச்சவங்க, மச்சான். நீங்க வேகன்ல நம்பர் எழுதுறவரு. குடுத்ததை வாசிங்க லா."

"அந்த ரி போனா பாட்டே போச்சு, மச்சான்."

"ஒரு கட்டை தள்ளிப் போனதுக்கா இவ்வளவு? ஊர்க்காரன் புத்தி உங்களுக்கு இன்னும் போகலையே."

என் மகள் கிரேஸுக்குப் பதினைந்து வயது. பாட்டுக் குழுவில் முன் வரிசை. வீட்டில் தினமும் அதைப் பாடிப் பழகினாள், கறுப்பு ரி-யோடு.

"அது இல்லம்மா, கொஞ்சம் கீழ" என்றேன்.

"பேப்பர்ல இதாம்ப்பா போட்டிருக்கு."

"பேப்பர் தப்பு."

"மேடம் எழுதினது எப்படிப்பா தப்பாகும்? நீங்களே அவங்ககிட்ட யெஸ் மேடம்னுதானே சொன்னீங்க."

ஊரையே திருத்த நான் ஆசைப்படவில்லை. அவள் அண்ணனுக்குப் பாடிய பாட்டை அவள் அதே ரி-யில் பாட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பெரிய வெள்ளி அன்று மூன்று சபையாரும் எங்கள் கோவிலில் நிரம்பியிருந்தார்கள். கடைசி வரிக்கு அம்மாள் கையைத் தூக்கினார். பிள்ளைகள் கறுப்பு ரி-யில் ஏறினார்கள். நான் ரி, ம, த மூன்றையும் வெள்ளையில் ஊன்றி, காற்று ஊதும் மிதியை என் பலம் எல்லாம் கொடுத்து மிதித்தேன். ஆண்கள் பக்கம் வழக்கம்போல் பழைய ரி-யில் என்னோடு சேர்ந்து பாடியது. இரண்டு ரி-யும் மோதித் தகரத்தை அறுப்பதுபோல் ஒரு சத்தம். பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள், யாரோ கிளுக்கென்று சிரித்தது கேட்டது. கிரேஸ் மட்டும் தாளைப் பார்த்துத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். நான் விரலை எடுக்கவில்லை. அவள் குரல் உடைந்து நின்றது.

வாசலில் சாமுவேல், "பெத்த புள்ளைய சபை நடுவுல அவமானப்படுத்திட்டீங்களே, மச்சான்" என்றார். அம்மாள் கிரேஸின் தோளைத் தட்டி, ஈரத்தில் ஆர்கன் மறுபடி கெட்டுவிட்டது, உன் மேல் குற்றமில்லை என்றார். என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே சண்டை, ஒட்டிக்கொண்ட கட்டையாகிவிட்டது. அப்போதாவது நான்தான் என்று சொன்னேனா? தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கிரேஸ் தன் அம்மாவுக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.

"ஆர்கன் கெடல. நீங்கதாம்ப்பா தப்பா வாசிச்சீங்க" என்றாள்.

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. அவள் காதில் அது தப்பாகத்தான் விழுந்தது. ஊரில் மூன்று கட்டையை அழுத்தினதற்கு அடித்தவர் மேலும், இங்கே நாங்கள் கொண்டுவந்ததை அழித்து எழுதினவர் மேலும், அதற்கு ஆமென் போட்ட சாமுவேல் மேலும் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் வாய் மேல் அதைவிட ஆறவில்லை.

பாத்திரம் துலக்கும்போது அவள் இன்னும் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள். முன் அறையில் நானும் வாய்க்குள் சேர்ந்துகொள்கிறேன். ச, க, ப, த எல்லாம் அவளும் நானும் ஒன்றாகவே போகிறோம். கடைசி வரியில் அந்த ரி வருமுன் அவள் நிறுத்திவிடுகிறாள், நானும் நிறுத்திவிடுகிறேன். பாட்டு ம-விலேயே நிற்கிறது. ச வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் போவதில்லை.