அண்ணன் கை தூக்கிய நாள்

என் அண்ணனை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மார்க்கெட்டு', அவ்வளவுதான். மார்க்கெட்டு வந்தாச்சா, மார்க்கெட்டு சாப்பிட்டாச்சா என்றுதான் விசாரிப்பார்கள். எதைப் பற்றிப் பேசினாலும் "மார்க்கெட் பாத்துக்கும்" என்று முடிப்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். டீ விலை ஏறிவிட்டதென்று யாராவது டீக்கடையில் புலம்பினால் போதும். "பிடிக்கலன்னா அடுத்த கடைக்குப் போயேன். நாலு பேர் போனா அவனே குறைப்பான். அரசாங்கம் வந்து டீ ஆத்தணுமா உனக்கு?" என்பார். சொல்லிவிட்டு அதே கடையில் இன்னொரு டீ வாங்கிக் குடிப்பார். அதை நான் எடுத்துச் சொன்னால் முறைப்பார்.

அவருக்குப் பட்டன் தொழில். சட்டையில் தைக்கிற சாதாரணப் பட்டன். தகடாக வரும் பிளாஸ்டிக்கை வட்ட வட்டமாக வெட்டி, கடைந்து, துளை போட்டு, மரத்தூளோடு ஒரு பெரிய டிரம்மில் போட்டு உருட்டினால் பளபளவென்று வெளியே வரும். துளை போடுகிற மெஷினின் கைப்பிடியை வாலிபத்திலிருந்து இழுத்து இழுத்து அண்ணனுக்கு வலது தோள் போய்விட்டது. நான் தரம் பிரிக்கிற மேஜையில் இருந்தேன். விளிம்பு உடைந்தது, துளை கோணியது எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. என் வீட்டுக்காரர் போன பிறகு அண்ணன்தான் என்னை அந்த மேஜையில் உட்கார வைத்தார். "வேலை செய், சம்பளம் வாங்கு. யார்கிட்டயும் கை நீட்டாத. என்கிட்டயும் நீட்டாத" என்றார். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பேச்சுதான் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தம்பியின் பட்டறை. அவன் ஜிப் செய்தான். டீ நேரம் வந்ததும் அண்ணன் ஸ்பேனரால் சுவரைத் தட்டுவார், அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வரும். இரண்டு பேரும் தெருவில் சேர்ந்து நடந்து போவார்கள். டீக்கடையில் சண்டை போடுவார்கள், திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு.

பிறகு அரசாங்கம் வெளிநாட்டு ஜிப்புக்கு இறக்குமதி வரியைக் குறைத்தது. தம்பி ஒரு ஜிப் செய்ய ஆகிற செலவில் அங்கிருந்து இரண்டு ஜிப் வந்து இறங்கியது, அதுவும் வழவழவென்று ஓடுகிற ஜிப். தையல்காரர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பட்டறைக்காரர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். வரியைப் பழையபடி ஏற்றுங்கள், நொடிந்த பட்டறைகளுக்கு உதவி கொடுங்கள் என்று மந்திரிக்கு மனு.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனு என்று ஒன்று போனால் எல்லாக் கையும் உயர்ந்து போக வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் போகாது. எந்தப் புண்ணியவான் வைத்த சட்டமோ, அவர் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். அன்றைக்கு எல்லாக் கையும் மேலே போனது, அண்ணன் கை மட்டும் மடியில் இருந்தது. பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"ஜிப் செய்யிறவங்க இந்த ரூம்ல அடங்கிடுவாங்க. ஜிப் வாங்குறவன் நாடு முழுக்க இருக்கான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பை வாங்குற தாய்க்கு இங்க யார் கை தூக்குறது? அவ பர்ஸ்லேருந்து எடுத்து நம்ம பர்ஸ்ல போடுங்கன்னுதானே கேக்குறோம்? இன்னைக்கு ஜிப், நாளைக்கு எல்லாத்துக்கும் இதே கதைதான். என்னால முடியாது" என்றார்.

சங்கத் தலைவர் நல்ல மனுஷர். நிலைமையைக் காப்பாற்றப் பார்த்தார். "மார்க்கெட்டுக்குத் தோள்வலி, பாவம். தூக்கினதா வச்சுக்கலாமே?" என்றார்.

"வலி இல்ல. தூக்கல" என்றார் அண்ணன்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு! அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானே மலிவான ஜிப் வைத்த பைதான் வாங்கினேன், அதை மறைப்பானேன். ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, இந்த மனுஷனுக்கு ஆடவில்லையே.

மனு போகவில்லை. தம்பி பட்டறையை மூடினான். மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டான். கடைசியில் வேலை கிடைத்தது எங்கே தெரியுமா? அதே வெளிநாட்டு ஜிப் வந்து இறங்குகிற கிடங்கில். வண்டியிலிருந்து பெட்டி இறக்கி அடுக்குகிற வேலை.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே, "என் பட்டறையில பாதி உனக்கு. எழுதிக் குடுத்துடுறேன். வாடா" என்றார். அரசாங்கம் கொடுக்கக்கூடாது, அண்ணன் கொடுக்கலாம், அவர் கணக்கு அப்படி. தம்பி கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். "அன்னைக்கு மேல போகாத கை இன்னைக்கு எதுக்குண்ணா நீளுது?" என்று கேட்டான். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நான்தான் இரண்டு வீட்டுக்கும் நடந்தேன்.

அண்ணனின் வாய் மட்டும் குறையவில்லை. ஆனால் டீ நேரத்துக்கு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் போவார், பிறகு அதை வைத்து எதையாவது முடுக்குவதுபோல பாவனை செய்துவிட்டுத் திரும்புவார். நான் பார்க்காத மாதிரி குனிந்துகொள்வேன்.

வருஷங்கள் போயின. எங்கள் பட்டன் தைத்த சட்டைகள் கப்பலேறிப் போகிற தூர தேசத்துக்கும் எங்கள் அரசாங்கத்துக்கும் ஏதோ தகராறு. யாரோடு கூட்டு சேர்வது, யாரிடம் எண்ணெய் வாங்குவது என்று ஆரம்பித்த தகராறு. கோபத்தில் அவர்கள் எங்கள் சட்டைகளுக்கு வரியைத் தூக்கி வைத்தார்கள். டிவியில் ஒரே கூச்சல். பதிலடி கொடு என்று ஒருத்தர், பணிந்து போ என்று இன்னொருத்தர். அண்ணன் டிவியோடு சண்டை போட்டார்.

"அவன் தன் ஊர் ஜனத்து சட்டைக்கு வரி போட்டிருக்கான். தன் கால்ல தானே கல்லப் போட்டுக்கிட்டான். அதுக்குப் பதிலடின்னு நீ உன் கால்ல போட்டுக்குவியா? எல்லையில துப்பாக்கி வேணும், வேணாங்கல. கடைத்தெருவுல எதுக்குடா துப்பாக்கி?"

"டிவி பதில் சொல்லாதுண்ணா, சாப்பிட வா" என்றேன்.

ஆர்டர்கள் நின்றன. டிரம் உருளுகிற சத்தம் நின்றதும் பட்டறையில் எங்கள் பேச்சே எங்களுக்கு அதிகமாகக் கேட்டது. அண்ணன் தன் கையிலிருந்ததைப் போட்டுச் சம்பளம் கொடுத்தார், பிறகு அண்ணி கழுத்தில் இருந்ததை. யாரையும் நிறுத்தவில்லை. மறுபடி சங்கத்தில் கூட்டம் என்றார்கள். மறுபடி மனு, பதில் வரியும் உதவியும் கேட்டு. எல்லாருக்கும் ஒரே கவலை, மார்க்கெட்டு கை தூக்குமா?

எங்கள் பட்டறையில் கடைசல் மெஷினில் நிற்கிற அம்மா ஒருத்தி உண்டு. படுத்த படுக்கையாகப் புருஷன், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் அவள் அண்ணன் எதிரில் வந்து நின்றாள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரியாத்தாண்ணா இருக்கும், எனக்கு என்ன தெரியும். ஆனா உங்க கொள்கைய உலையில போட்டா வேகுமாண்ணா?"

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

கூட்டத்தில் இடமில்லை. பட்டறைப் பெண்கள் நாங்களெல்லாம் வாசலில் நின்றோம். தலைவர் கேட்டதும் கைகள் உயர்ந்தன, எல்லாக் கண்ணும் அண்ணன் மேல். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்து மெல்லத் தூக்கினார். தோள் அவ்வளவுதான் போகும், காதுக்கு மேலே போகவில்லை. ஒரே கைதட்டல். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்!" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். கடைசல்காரம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் எனக்கு வேறு காரணம். அப்பாடா, இறங்கி வந்துவிட்டார், இனிமேல் தம்பியும் இறங்கி வருவான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவன் மனைவி கதவைத் திறந்து "வாங்கக்கா, என்ன இவ்ளோ காலையில?" என்றாள். அவளைத் தாண்டிக்கொண்டே உள்ளே போனேன். தம்பி வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணன் கை தூக்கிட்டாருடா! எல்லார் முன்னாடியும் தூக்கிட்டாரு!"

பாதிப் பட்டனோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தூக்கிட்டாரா?" என்றான்.

"ஆமாடா. இனிமே என்னடா உனக்கு? வந்து பேசுடா அவர்கிட்ட."

ஒரு பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறான் என்றே நான் நினைத்தேன், முட்டாள் மாதிரி.

"அக்கா, நான் அவர் மேல கோபப்பட்டேன். ஆனா வெறுக்கல. ஏன் தெரியுமா? அவருக்கே வந்தாலும் இதத்தான் செய்வாருன்னு நம்பினேன். என் பட்டறை ஒரு கொள்கைக்காகப் போச்சுன்னு மனச தேத்திக்கிட்டேன். ஒவ்வொரு பெட்டி இறக்கும்போதும் அதச் சொல்லித்தான் இறக்கினேன்." சட்டையைப் பார்த்தபடி மிச்சப் பட்டனைப் போட்டான். "இப்ப அது சும்மா போச்சுக்கா."

"அந்தப் பொண்ணுங்களுக்காகத் தூக்கினாருடா. அவளுங்க நிலைமை தெரியாதா உனக்கு?"

"என்கிட்டயும் ஆளுங்க வேலை பாத்தாங்க" என்றான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பட்டறைக்குத் திரும்பினேன். உள்ளூர் ஆர்டர் கொஞ்சம் இருந்தது. அண்ணன் துளை மெஷினில் நின்றார். என்னைப் பார்த்ததும் கைப்பிடியை விட்டார்.

"சொன்னியா?"

"சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டான். ஒரு நாள் வர்றேன்னான்."

"பொய் சொல்லாத" என்றார். அதட்டவில்லை. "கை பாதி வரும்போதே எனக்குத் தெரியும், இனிமே அவன் என் முகத்துல முழிக்க மாட்டான்னு."

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "தெரிஞ்சு எதுக்குண்ணா தூக்கின?"

"அந்தம்மா எதிர்ல வந்து நின்னுட்டாளே. என்ன பண்ணச் சொல்ற?"

"அன்னைக்கு அவன் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தான்? அவனுக்கு மட்டும் ஏண்ணா தூக்கல?"

மார்க்கெட், நாடு, பை வாங்குகிற தாய் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அதில் ஒன்றையாவது சொல்லியிருந்தால் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

"அவன் தம்பிதானே," என்றார். "தம்பி பொறுத்துக்குவான்னு நெனச்சேன்."

பிறகு கைப்பிடியை இழுக்க ஆரம்பித்தார். நான் என் மேஜையில் போய் உட்கார்ந்தேன். அரசாங்க உதவி பிற்பாடு வந்தது, டிரம் மறுபடி உருண்டது, கடைசல்காரம்மா வீட்டில் அடுப்பு எரிந்தது. டீக்கடையில் விலைவாசி பற்றி யாராவது ஆரம்பித்து "என்ன மார்க்கெட்டு?" என்று வம்புக்கு இழுத்தால் இப்போதெல்லாம் அண்ணன் எழுந்து வந்துவிடுகிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை, தம்பி வீட்டிலிருந்து நான் திரும்பி வந்த அன்றைக்கு நடந்தது. அன்று அவர் போட்ட துளைகளில் பாதிக்கு மேல் கோணல். நான் ஒன்றையும் எடுத்து அவரிடம் காட்டவில்லை, எல்லாவற்றையும் நல்லதோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.