பிள்ளையார் போட வேண்டிய தோப்புக்கரணம்

குழந்தைகளுக்குச் சாமி கும்பிடச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அதற்கப்புறம் அவர்கள் கேட்கிற கேள்விக்குத்தான் நாம் முழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஸ்லோக வகுப்பு நடத்தும் என் இனமே, உங்களுக்குத் தெரியாததா! என் வகுப்பு புனேயில், லோஹேகாவ் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு ஹாலில். பாதிப் பிள்ளைகள் விமானப்படைக் குடும்பம். வாயைத் திறந்தால் பாதி இந்தி.

நைவேத்தியம்

எதையும் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், சாமி சாப்பிடும்போது திரை போடுவார்கள், எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒரு நாள் விளக்கமாகச் சொன்னேன். என் போதாத காலம்! அன்று ராத்திரியே வகுப்புக்கு வரும் கார்த்திக்கின் அம்மா போன் செய்தாள். பையன் பீட்சாவைப் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, குடும்பத்தையே வெளியே நிறுத்தியிருக்கிறான். போனை வாங்கி அவனே கேட்டான்:

"பீட்சா ஆறிப்போகுது ஆன்ட்டி, சாமி எப்பதான் சாப்பிட்டு முடிப்பார்?"

காதைப் பிடி

மீனு புதுசு, யுகேஜி. அப்பா விமானப்படை, தூரத்தில் எங்கேயோ போஸ்டிங். பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடச் சொன்னேன். அவள் ஸ்கூலில் ஹோம்வொர்க் செய்யாதவர்களுக்கு அதுதானாம் தண்டனை! எனக்கு எப்படித் தெரியும்? உதடு பிதுங்கி, கண்ணில் குளம் கட்டிவிட்டது.

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே ஆன்ட்டி!"

சதுர்த்தி

அதோடு மீனு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு குழந்தையைச் சாமியிடமிருந்து விரட்டிவிட்டோமே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

சதுர்த்தியன்று அவள் அம்மா எப்படியோ கூட்டி வந்தாள். தெருவில் டோல் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பண்டிகைக்கு வருவதாகச் சொன்ன அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். அவர் வர வேண்டும் என்றுதான் குழந்தை தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்ததாம்.

"நீ தோப்புக்கரணமே போட வேண்டாம் கண்ணு, சும்மா வா" என்றேன்.

மீனு நேராகப் பிள்ளையார் முன்னால் போய் நின்றாள். "அப்பா வரல. இப்போ யாரு தப்பு பண்ணாங்க? அவரே போடட்டும்!"

"ஏய்!" என்றாள் அம்மா. நான் குறுக்கே புகுந்தேன்.

"அவருக்குத் தொந்தி இடிக்கும்டா செல்லம். அவருக்குப் பதிலா நான் போடறேன்."

காதைப் பிடித்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே முழங்கால் 'மடக்' என்றது. முறைத்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்துப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தாள்.

"அச்சா, போதும் ஆன்ட்டி. அவரை மன்னிச்சிட்டேன்."

பக்தி வளர்க்கிறேன் பேர்வழி என்று கிளம்பிய எனக்குக் கடைசியில் வாய்த்தது, சாமிக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்று முழங்காலைத் தேய்க்கிற உத்தியோகம்தான்.