கடலை பொறுக்கும் அஜிதா

முதலில் கடலைதான் போகும். பழவங்காடி கடைத்தெருவில் வாங்கிய மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து, கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே மாலையில் மாடியிலிருந்து இறங்குவாள் அஜிதா. வாசலில் காவலாளி சுவாமிதாஸ் கை நீட்டும்போது ஓமப்பொடியும் பூந்தியும்தான் மிஞ்சியிருக்கும். "ஒரு நாளாவது ஒரு கடலைய மிச்சம் வச்சியா பிள்ளே?" என்பார் அந்தக் குமரிக்காரர்.

மருத்துவக் கல்லூரிப் பக்கம், அந்த மாடியில் இருக்கும் தனியார் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. எந்த மாதிரியையும் இரண்டு முறை சோதிப்பாள். கணினித் திரையை நம்பமாட்டாள். "ஸ்க்ரீன்ல பாத்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும்" என்று இரண்டு சோதனையின் வரைபடங்களையும் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

போன வாரம் சுவாமிதாஸின் கழுத்துக் கட்டியிலிருந்து ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கு எடுத்தார்கள். டப்பாவை அவரே கொண்டுவந்து நீட்டினார். "இதுல என்னத்தப் பாப்பிய?"

"ரத்தத்துல காவலுக்கு நிக்கிய அணு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொக்கி உண்டு அண்ணாச்சி, கிருமிய அடையாளம் கண்டு பிடிக்கதுக்கு. கோடி தினுசு. மிக்சர் மாதிரி கலந்து கெடந்தா சாரமில்ல, நல்லதுதான். பொட்டலம் முழுக்க ஒரே கடலையா இருந்தாத்தான் கொழப்பம்."

"அப்பம் ஒனக்குப் பிடிச்ச வியாதிதான்" என்று சிரித்தார்.

இன்று முதல் தாளில், சின்னச் சின்ன மேடுகளாய்ப் பரவியிருக்க வேண்டிய கோடு ஒற்றை முனையாக எழுந்து நின்றது. ஒரே கொக்கி, ஒரே அணு பெருகிய கூட்டம்; புற்றின் அடையாளம். அஜிதா அதே துணுக்கை மறுபடியும் சோதனைக்கு ஏற்றினாள். துணுக்கில் அணுக்கள் குறைவாக இருந்தாலும் இப்படிப் பொய் முனை வருவதுண்டு. பொய்யாக இருந்தால் இரண்டாம் முறை அது இடம் மாறிவிடும். அதை நம்பித்தான் மதியச் சோற்றைத் தொடாமல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் நகர்ந்து நில்லேன் என்று அச்சாகி வரும் தாளிடம் கெஞ்சினாள்.

இரண்டு தாளையும் சேர்த்து ஜன்னலில் பிடித்தாள். முனைமேல் முனை, மயிரிழை பிசகவில்லை. விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்து மறுபடியும் பிடித்தாள். அதே இடம்தான்.

சொல்ல வேண்டியவர் டாக்டர். அவள் வாய் திறக்கக் கூடாது. வெளியே போக வேறு வாசலும் இல்லை.

மாலையில் சுவாமிதாஸ் வழக்கம்போல் கை நீட்டினார். "நம்ம கொக்கியெல்லாம் சொகமா பிள்ளே?"

"டாக்டர் சொல்லுவாரு அண்ணாச்சி." பிரிக்காத பொட்டலத்தை அப்படியே அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லப் பிரித்து, கடலையை மட்டும் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.