கரிநாள் பார்த்து ஏறிய அந்தமான் கப்பல்

நம் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை மகாபலிபுரம், திருப்பதி, வேலூர்க் கோட்டை என்று மூன்று பயணக் கட்டுரைகள் வந்துவிட்டன. கப்பல் இதுவே முதல் தடவை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து அந்தமானுக்குப் போக யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என்றாவது ஒருநாள் நீங்கள் எந்தக் கப்பல், எந்த வகுப்பு என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், நான் தேர்ந்தெடுத்த மாதிரி தேர்ந்தெடுக்காதீர்கள். பாலு எழுதியிருக்கிறான், சிரிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டியவர்கள் பாதி வரைக்கும் சிரிக்கலாம்.

என் அக்கா கஸ்தூரியைப் போர்ட் பிளேரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாமாவுக்கு அங்கே மரம் அறுக்கும் ஆலையில் வேலை. சித்திரையில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. தலைப்பிரசவம், ஏழாவது மாதம் நடக்கிறது, சீக்கிரம் வந்து கூட்டிப் போங்கள் என்று எழுதியிருந்தாள். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தானே! அப்பாவால் கல்யாணப் புடவை ஆர்டரை விட்டு வர முடியாது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன், அதாவது எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் முப்பத்தாறு வாங்கியவன், நான்தான். தறியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடுகிற என் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டாள். நான் விசாரிக்கக் கிளம்பினேன்.

காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸ் பிராட்வே நாற்பத்தைந்து மைல், பஸ்ஸில் இரண்டே முக்கால் மணி நேரம், இரண்டு ரூபாய் முப்பது காசு. அங்கிருந்து கப்பல் ஆபீசுக்குப் பத்து நிமிஷ நடை. குமாஸ்தா இரண்டு கப்பல்களைச் சொன்னார். ஒன்று சின்னக் கப்பல், கிழடு. வருகிற சனிக்கிழமை புறப்பட்டு நான்கு நாளில் போய்ச் சேரும். சோறு, மோர், படுக்க ஒரு பலகை, அவ்வளவுதான். இன்னொன்று பெரியது. அதற்குப் பதினெட்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை புறப்படும், மூன்றே நாள். கேன்டீன் உண்டு, கேரம் போர்டு உண்டு, மேல்தளத்தில் திரை கட்டி சினிமா காட்டுவார்கள். என் பதினேழு வயதுக்கு இதில் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் வீட்டில் சொல்ல வேண்டுமே. அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். கை வேலையாக இருந்ததால் பஞ்சாங்கத்தை என்னிடம் படிக்கச் சொன்னார்.

"சனிக்கிழமை கிழக்கே சூலம்பா. அந்தத் திக்குல போவக்கூடாது" என்றேன். இது நிஜம்.

"அதுக்கு இன்னாடா? ரெண்டு வாய் தயிர் சாப்ட்டுட்டுக் கிளம்புனா தோஷம் போச்சு" என்றாள் அம்மா.

சூலத்துக்குத் தயிர் இருக்கிறது. கரிநாளுக்கு எதுவும் கிடையாது. அன்றைக்கு எதையும் தொடங்கவே கூடாது. பக்கத்தின் மேல் விரலை ஓட்டி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஐயோ, அன்னிக்குக் கரிநாள் வேற போட்டுக்குதும்மா" என்றேன். இது நிஜமில்லை.

அம்மா நாடாவைக் கீழே வைத்துவிட்டாள். விரலை மடக்கி மாதக் கணக்குப் பார்த்தாள். "அடுத்த கப்பல்னா எட்டாவது மாசம் பொறந்துடுமேடா" என்றாள். பிறகு அவளே, "பரவால்ல. புள்ளத்தாச்சிய இட்டாரப் போறவன் கரிநாள்ல கிளம்ப வேணாம்" என்றாள். இவ்வளவு சுலபமாக எந்தக் குறும்பும் எனக்குப் பலித்ததில்லை.

இனி பயணம். போக எனக்கு பங்க் வகுப்பு, அதாவது அடுக்குப் படுக்கை, அறுபத்திரண்டு ரூபாய். திரும்பி வர அக்காவுக்காக இரண்டு படுக்கை கேபின். அதற்கு அப்பா நெசவுக்கு வாங்கிய முன்பணம் முழுதும் போயிற்று. அம்மை குத்திய சான்றிதழ் இல்லாமல் போகாதீர்கள், துறைமுக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பங்கில் அடித்தட்டுப் படுக்கையாகப் பார்த்து எடுத்தேன். தறிக்குழி மாதிரி கீழே குளுகுளு என்றிருக்கும் என்று கணக்குப் போட்டேன். கீழே இருப்பது என்ஜின். மூன்று நாளும் இட்லி மாதிரி வெந்தேன். உங்களுக்கு மேல்தட்டுதான் சரி.

சினிமா காட்டினார்கள். முன்பே இரண்டு தடவை பார்த்த படம். எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்து, காற்றில் திரை உப்பும்போதெல்லாம் கதாநாயகியின் முகம் பூசணிக்காய் ஆவதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பூசணிக்கு ஒரு பெயர் வைத்தேன். சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. இரண்டாம் நாள் காலை, கம்பி ஓரமாக நின்று "திமிங்கிலம்! திமிங்கிலம்!" என்று கத்தினேன். ஐம்பது பேர் ஓடி வந்து வெறும் கடலைப் பார்த்தார்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள்கூட எழுந்து வந்து விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அவருடைய கணவர் என்னைப் பார்த்து, "உங்கூட யாரும் வரலியாப்பா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு கேரம் போர்டில்கூட யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடல் மூன்று நாளும் ஒரே மாதிரி இருந்தது. அதற்கும் என்னிடம் பேச ஒன்றும் இல்லை.

போர்ட் பிளேரில் கப்பல் நிற்கும் ஜெட்டியில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறங்கினேன். அக்கா நின்றிருந்தாள். மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் தெரிந்தது. காலடியில் தகரப் பெட்டி.

"பெட்டி கட்டி ரெடியா இருக்கியேக்கா!"

"கட்டி இருபது நாளாச்சுடா. சின்னக் கப்பல் வந்தன்னிக்கே எடுத்துக்கினு வந்து நின்னேன். கடைசி ஆள் இறங்கற வரிக்கும் பாத்தேன்."

திரும்பும் டிக்கெட்டைப் பதிய ஜெட்டி ஆபீசுக்குப் போனால், அக்காவுக்கு டாக்டர் சீட்டுக் கேட்டார்கள். அங்கேயே இருந்த டாக்டர் பார்த்தார், தேதி கேட்டார், கணக்குப் போட்டார். ஏழு மாதம் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஏழு முடிந்தால் கப்பலில் ஏற்றக் கூடாதாம். டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். நான் முன்பக்கம் மட்டும் படித்தவன். கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த முப்பத்தாறு மார்க் இங்கிலீஷையும் கொட்டினேன். "நடுக்கடலில் வலி எடுத்தால் நீ பார்ப்பாயா?" என்றார் டாக்டர்.

அக்காவின் வீடு மேட்டில், இரண்டு மைல். மாமா காலை ஆறு மணிக்கு ஆலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பக்கத்து வீடுகளில் வங்காளமும் இந்தியும்தான். அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த சனிக்கிழமை ஏன்டா வரல?"

"கரிநாளாம்க்கா."

"பஞ்சாங்கத்த யார் படிச்சது?"

"நான்தான்."

அக்கா என்னையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என் பொய்களுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "மோர் ஊத்திக்கோ" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "வலி வந்தா இங்க யாருகிட்ட இன்னான்னு சொல்றதுன்னே தெரியலடா" என்றாள். மானம் கப்பலேறியது என்பார்கள். என்னுடையது கரையிலேயே மூழ்கிவிட்டது.

திங்கட்கிழமை திரும்பினேன். கேபினில் இரண்டு படுக்கை, வெள்ளை விரிப்பு, மின்விசிறி, வட்டக் கண்ணாடி ஜன்னல். இடம் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அருமையான கேபின். எதிர்ப் படுக்கையின் விரிப்பு மூன்று நாளும் மடிப்புக் கலையாமல் இருந்தது. வரும்போது மாதிரி சாப்பாட்டு மணிக்கு முதல் ஆளாக நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அம்மா சைக்கிள் ரிக்ஷாவில் மெத்தை போட்டுக்கொண்டு நின்றாள். பஸ் காலியாகும் வரை படியையே பார்த்தாள்.

"எங்கடா அவ?"

அங்கேயே, ரிக்ஷாக்காரர் கேட்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கரிநாள் இல்லை என்பதையும் சொன்னேன். அம்மா கை ஓங்கவில்லை. ரிக்ஷாக்காரர்தான், "இன்னா புள்ளமா இது!" என்றார். அம்மா அவரிடம், "வண்டிய ஊட்டுக்கு வுடுப்பா. துணிமணி எடுத்து வைக்கணும்" என்றாள்.

மெட்ராஸ் தாண்டி எங்கேயும் போகாதவள் என் அம்மா. மறுநாள் அவளைக் கப்பல் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அதே குமாஸ்தா. பெரிய கப்பல், சின்னக் கப்பல், கேபின், பங்க், சாப்பாடு என்று வரிசையாக ஆரம்பித்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எதுப்பா முன்னால போய்ச் சேரும்? அத்தக் குடு."

கிழட்டுக் கப்பல்தான் முன்னால். பங்க் வகுப்பு, ஐம்பத்தைந்து ரூபாய். கப்பலில் என்னென்ன இருக்கிறது என்று நான் ஒரு மணி நேரம் விசாரித்த இடத்தில் அவள் கேட்டது இந்த ஒரு கேள்வி. நீங்களும் முதலில் இதையே கேளுங்கள். கேரம் போர்டு, மேல்தட்டு, ஜன்னல் எல்லாம் அதற்குப் பிறகு. உல்லாசமாகப் போகிறவர்களுக்கு வேறு கேள்வி இருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் யாராவது பெட்டியோடு நிற்கிறார்களா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு உல்லாசமாகப் போங்கள்.

அம்மா போய் இன்றோடு ஒன்பது நாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். நான் ஆக்கிய குழைந்த சோற்றில் அவரே உப்பைத் தூவிச் சாப்பிடுகிறார். தறியில் எதிரெதிரே உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றிப் போடுகிறோம். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் இருவர் கையும் ஒன்றாக நிற்கிறது. தந்தியா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். மணி கடந்து போனதும் அப்பா குனிந்து மறுபடி நெய்யத் தொடங்குகிறார்.